கை கொடுத்த வேட்பாளர்

ஆகஸ்ட் 16

வெள்ளாற்றுக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலுக்குக் கட்சி என்னை வேட்பாளராக அறிவித்துவிட்டது. காலையில் தொலைபேசி வந்தது. மதியத்திற்குள் வாசலில் பட்டாசுக் குப்பை கணுக்கால் அளவு சேர்ந்துவிட்டது. செண்பகம் துடைப்பத்தோடு வந்து நின்று, "இதையெல்லாம் யாரு கூட்டுறது?" என்றாள். கணவன் வரலாற்றில் நுழையும் நேரத்திலும் மனைவிக்குக் குப்பைதான் கண்ணில் படுகிறது.

சென்னையிலிருந்து தேர்தல் ஆலோசகர் ஒருவரைக் கட்சி அனுப்பியிருக்கிறது. பெயர் ரித்விக். முப்பது வயது இருக்கலாம். தாடி வைத்திருக்கிறார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிறார். பெரிய தலைவர்கள் எல்லோரும் நாட்குறிப்பு எழுதினார்கள், பிற்காலத்தில் அது நூலாக வந்தது, நீங்களும் எழுதுங்கள் என்றார். அதனால் எழுதுகிறேன்.

நூலாக வரும்போது வாசகருக்கு உதவும் என்பதால் என்னைப் பற்றிச் சில வரிகள். பெயர் கலியமூர்த்தி. பெட்ரோல் பங்க் ஒன்று வைத்திருக்கிறேன். 'செண்பகம் மகால்' என்ற கல்யாண மண்டபத்தையும் நிர்வகிக்கிறேன். முழுக்க ஏ.சி. அதை மாமனார் கட்டினார், அதனால்தான் மனைவியின் பெயர். சாதி பார்ப்பவன் அல்ல. இதை முதல் பக்கத்திலேயே பதிவு செய்வது நல்லது.

ஆகஸ்ட் 18

ரித்விக் தன் திட்டத்தைச் சொன்னார்.

"சார், உங்கள எதிர்த்து நிக்கிறவரு வேன்ல நின்னு கும்பிட்டுக்கிட்டே போவாரு. இந்த ஊர்ல எல்லாரும் அதத்தான் பண்ணியிருக்காங்க. நீங்க எறங்கி நடக்கணும். ஒவ்வொருத்தர் கையையும் பிடிக்கணும். பேசினத ஜனங்க மறந்துடுவாங்க. தொட்டத மறக்க மாட்டாங்க."

"கை நம்ம சின்னம் இல்லையே தம்பி. குழப்பம் வந்துடாதா?"

"கைய நீட்டினா கட்சி ஞாபகம் வராது சார். நீங்கதான் ஞாபகம் வருவீங்க."

மண்டபத்தின் மணமகள் அறையில் ஒத்திகை. வலது கையால் பிடிக்க வேண்டும், இடது கையால் முழங்கையைத் தொட வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து விட வேண்டும். பெண்களுக்குக் கும்பிடு மட்டும். நான் முதலில் பிடித்தபோது ரித்விக் கையை உதறிக்கொண்டார். "சார், நீங்க வெண்டைக்காய் முத்தலான்னு பாக்குற மாதிரி பிடிக்கிறீங்க. மனுஷன் கை சார் இது."

சாயங்காலம் வரை பழகினேன். கடைசியில் டிரைவர் சாமிக்கண்ணுவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். என்னிடம் பல வருடமாக வண்டி ஓட்டுகிறவன். அவன் பயந்துபோய், "என்னங்கய்யா, வேலைய விட்டு நிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டான்.

ஆகஸ்ட் 20

கடைவீதி. நல்ல வரவேற்பு. ஜவுளிக்கடைக்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், மருந்துக்கடைக்காரர்கள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பிறகு எங்கள் தெரு. ராசாங்கம் அண்ணன் என் பெரியப்பா மகன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் ஆட்கள் மொத்தமும் சொன்ன மாதிரி. வீட்டுக்குள் அழைத்துப்போய் வெள்ளி டம்ளரில் பால் பாயசம் கொடுத்தார். "நம்ம ரத்தம் கோட்டைக்குப் போகுது" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நானும் கலங்கினேன்.

ஆகஸ்ட் 22

இன்று காலனி. அங்கே ஓட்டு அதிகம்.

அவ்வளவு உற்சாகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். எல்லாக் கையையும் பிடித்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. டீ கொடுத்தார்கள். எனக்கு இன்று நெஞ்சுக் கரிப்பு இருந்ததால் தொட முடியவில்லை. இளநீர் கொடுத்தார்கள். சளி பிடித்துவிடும் என்று தவிர்த்தேன்.

வண்டியில் ஏறியதும் சாமிக்கண்ணு கிருமிநாசினிப் பாட்டிலை நீட்டினான். முழங்கை வரை தடவிக்கொண்டேன். மக்கள் பிரதிநிதி என்பவன் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, வண்டிக் கண்ணாடிக்கு வெளியே தவமணி டீச்சர் கையில் மனுவோடு நின்றிருந்தார். மனுவை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், வண்டி நகர்ந்துவிட்டது.

தவமணி டீச்சர் அரசு உயர்நிலைப்பள்ளியின் தலைமை ஆசிரியை. காலனியில் மாடி வைத்துக் கட்டிய முதல் வீடு அவருடையது. மகன் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு வந்திருக்கிறார், பேரன் காதுகுத்துக்கும் வந்தார். என்ன துரதிர்ஷ்டமோ, அவர் கேட்கிற தேதியெல்லாம் எங்களிடம் காலியாக இருப்பதில்லை. படித்தவர் என்பதால், சுகாதாரத்தில் நான் காட்டும் அக்கறையைப் புரிந்துகொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 23

சாப்பிடும்போது செண்பகம் கேட்டாள். "கடைத்தெருவுல அத்தன பேர் கையப் பிடிச்சீங்களே, அப்ப அந்தப் பாட்டில எடுக்கலியாமே?"

"யாரு சொன்னா?"

"சாமிக்கண்ணு சொன்னான். பாட்டில் எப்பத் தீருதுன்னு அவனுக்குத்தான தெரியும்."

நுண்கிருமி விஷயம் இவளுக்கு விளங்காது என்று விட்டுவிட்டேன். ரசத்தில் உப்பு குறைவு.

ஆகஸ்ட் 25

மேலும் மூன்று ஊர்களின் காலனிகள். மழை. சகதி. பாட்டில் போதவில்லை. இன்னும் காரமான சரக்கு வாங்கிவரச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 28

வலது உள்ளங்கையில் எரிச்சல். விரல் இடுக்கில் தோல் வெள்ளையாகச் சுருங்கியிருக்கிறது. மக்கள் அன்பின் தழும்பு இது. கூட்டத்தில் இப்படிச் சொல்லலாம் என்று ரித்விக்கிடம் சொன்னேன். வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 29

தோல் உரிகிறது.

ஆகஸ்ட் 30

டாக்டரிடம் போனேன். கையைத் தொடாமல், டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தொற்று எதுவும் இல்ல. கண்டதையும் ஊத்திக் கழுவியிருக்கீங்க. தோல் வெந்துபோயிருக்கு. கழுவுறத நிறுத்துங்க, களிம்பு தடவுங்க, சரியாயிடும்."

"கை குலுக்கலாமா டாக்டர்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எதிர்ல இருக்கறவங்க பாத்தா பயப்படுவாங்க."

ரித்விக் கையுறை வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தேன். கிரிக்கெட்டில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கிறவன் மாதிரி இருந்தது. கழற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 31

எதிர்க்கட்சியினர் கீழ்த்தரமான பிரச்சாரத்தைத் தொடங்கிவிட்டார்கள். என் கையை யாரோ பெரிதாக்கிப் படம் எடுத்து எல்லோருடைய செல்போனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கீழே ஒரு வரி: 'ஒட்டுவாரொட்டி வருது, உஷார்.'

இன்று சந்தையில் கையை நீட்டினேன். காய்கறிக்காரர் இரண்டு கையிலும் தராசைத் தூக்கிக்கொண்டார். அதில் காய் எதுவும் இல்லை. வளையல் கடைக்காரர் கும்பிட்டார். கறிக்கடைக்காரர் கத்தியைக் காட்டி, "கையெல்லாம் ரத்தமா இருக்குங்க" என்றார். பரவாயில்லை என்றேன். "எனக்குப் பரவாயில்லீங்க, உங்களுக்குத்தான்" என்றபடி உள்ளே போய்விட்டார்.

டீக்கடையில் ஒருவர் மட்டும் கை கொடுத்தார். நான் நாலடி தள்ளிப் போவதற்குள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கையில் ஊற்றிக்கொண்டார். எனக்குத் தெரியட்டும் என்றே ஊற்றின மாதிரி இருந்தது. ஒரு மனிதனை இப்படியா அவமானப்படுத்துவது. அவர் யார், எந்த ஊர் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 1

எழுத மனமே இல்லை. ஆனாலும் நூலுக்காக எழுதுகிறேன்.

ஊர்க்காரர்களை விடலாம், நம் ஆட்களாவது கை கொடுக்கட்டும், அதைப் படம் பிடித்துப் போடுவோம் என்று ரித்விக் சொன்னதால் ராசாங்கம் அண்ணன் வீட்டுக்குப் போனோம். நாலைந்து உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எழுந்து வந்தார். கையை நீட்டினேன். அவர் என் தோளுக்குச் சற்று மேலே காற்றில் தட்டிக்கொடுத்தார்.

"வாப்பா, உக்காரு. அந்த நாற்காலியில உக்காரு."

வாசல் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது. மற்றவர்கள் உள்ளே சோபாவில் இருந்தார்கள். காபி வந்தது. அவர்கள் எல்லோருக்கும் வெள்ளி டம்ளர். எனக்குக் காகிதக் கப்.

"என்னண்ணே இது?"

"தப்பா எடுத்துக்காதப்பா. வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு. ஒரு சுத்தத்துக்குத்தான்."

"டாக்டர் தொற்று இல்லன்னு சொல்லிட்டாருண்ணே."

"டாக்டர் சொல்வாருப்பா. மனசு ஒப்ப வேணாமா?"

விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் வெள்ளி டம்ளரில் குடித்தவன் நான். எழுந்து வரும்போது அண்ணி கப்பைக் கையால் எடுக்காமல் குச்சியால் தள்ளியதைப் பார்த்தேன். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று வழியெல்லாம் யோசித்தேன். உடம்பு கூசியது. இதை எப்படித் தாங்குவது என்று செண்பகத்திடம் கேட்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த தண்டை ஒடித்துப் போட்டாள். பிறகு, "தாங்குறவங்கள விசாரிச்சுப் பாருங்க" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. இதைப் போல நோய் வந்தவர்களையாக இருக்கும்.

செப்டம்பர் 2

மிக முக்கியமான நாள்.

காலனிக்கு மறுபடியும் போயாக வேண்டும், கை கொடுக்க ஆளில்லாவிட்டாலும் நடந்தாக வேண்டும் என்று ரித்விக் பிடிவாதம் பிடித்தார். தன் செல்போனில் நேரலை வேறு போட்டுவிட்டார். கூட்டம் கூடியது, ஆனால் தள்ளியே நின்றது. முதல் தடவை வரிசையில் நின்று கை நீட்டியவர்கள் இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கையை நீட்டியபடியே நடந்தேன். தெரு மிக நீளமாக இருந்தது.

அப்போது தவமணி டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் கையை நீட்டினார்.

பெண்களுக்குக் கும்பிடு என்ற விதியெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு கையையும் அதன்மேல் வைத்தார். தோல் உரிந்த இடத்தில்தான் வைத்தார்.

"வலிக்குதா சார்?"

"இல்லம்மா." கண்ணில் நீர் வந்துவிட்டது. நேரலையில் அது தெளிவாகத் தெரிகிறது என்று ரித்விக் பிறகு சொன்னார்.

"என் பொண்ணு இலக்கியாவுக்குக் கல்யாணம் சார். செப்டம்பர் பன்னெண்டு. பத்திரிகை அடிச்சாச்சு. மண்டபம் பேருக்கு மட்டும் எடம் விட்டு வச்சிருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம் டீச்சர்."

"உங்க மண்டபம் அன்னிக்குக் காலியா இருக்கா சார்?"

சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. ரித்விக் பின்னாலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கையை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கரும்பலகையில் எழுதியே பழகிய கை, நல்ல பிடி.

"உங்க மண்டபம்னு நெனச்சுக்குங்க டீச்சர்" என்றேன்.

"அப்படி நெனைக்கல சார். வாடகைக்குக் கேக்குறேன். குடுக்குறீங்களா?"

"குடுக்குறேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் கையை விட்டார். கூட்டம் கைதட்டியது. அதன் பிறகு இளைஞர்கள் முன்னால் வந்து கை கொடுத்தார்கள். ஒருவர் என்னைக் கட்டியே பிடித்தார்.

நேரலையைத் தொகுதி முழுக்கப் பார்த்திருக்கிறார்களாம். ரித்விக் முதல்முறையாக டீயில் சர்க்கரை போட்டுக் குடித்தார்.

செப்டம்பர் 4

ராசாங்கம் அண்ணன் உறவினர்களோடு வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏப்பா, பேப்பர்ல போட்டோ வரணும்னா கைய குலுக்கு. வேணாங்கல. மண்டபத்தையா தூக்கிக் குடுப்ப? நாளைக்கு நம்ம வீட்டுப் புள்ளைங்க அதே மேடையில உக்காந்து எப்படித் தாலி கட்டும்?"

"நாடே பாத்துடுச்சுண்ணே. இப்ப மறுத்தா ஓட்டு போயிடும்."

"குடுத்தா எங்க ஓட்டு போயிடும்."

இதற்கு ஒரு நடுநிலையான தீர்வு காண வேண்டும். யாரும் வருத்தப்படக் கூடாது. மண்டபத்துக்கே ஏதாவது கோளாறு வந்தால் அது யார் தவறும் இல்லை.

செப்டம்பர் 5

எலக்ட்ரீஷியனை அழைத்து, பதினைந்து நாளைக்கு ஓடாதபடி ஏ.சி.யில் ஏதாவது செய்யச் சொன்னேன். செய்தார். டீச்சருக்குப் போன் போட்டு வருத்தம் தெரிவித்தேன்.

"எங்களுக்கு ஃபேன் போதும் சார்" என்றார்.

செப்டம்பர் 6

எலக்ட்ரீஷியனை மறுபடி அழைத்தேன். ஃபேனும் ஓட வேண்டாம் என்றேன். போனவர் திரும்பி வந்து, மண்டபத்துக்கு வேறு பூட்டு போட்டிருக்கிறது என்றார்.

செண்பகத்திடம் போய்க் கேட்டேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"டீச்சர் வாடகை கட்டிட்டாங்க. ரசீது போட்டுக் குடுத்துட்டேன். ஏ.சி.ய சரி பண்ண திருச்சியிலேருந்து ஆள் வருது."

"யாரைக் கேட்டு?"

"அந்த மண்டபம் எங்கப்பா என் பேர்ல எழுதினது. நான் யாரக் கேக்கணும்?"

"ராசாங்கம் அண்ணன்..."

"அந்த டீச்சரு மகன் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தாங்களே, அன்னிக்குத் தேதி இல்லன்னு சொன்னீங்க. அந்தத் தேதியில நான் மண்டபத்துக்குப் போனேன். பூட்டிக் கெடந்துச்சு. வாட்ச்மேன் மேடையில துண்ட விரிச்சுப் படுத்திருந்தாரு." பிறகு கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் மேலே பேச முடியவில்லை.

அன்று ஏதோ ரத்தாகியிருக்கும். எனக்கு நினைவில்லை.

செப்டம்பர் 7

ரித்விக் சொல்கிறார்: "இத எதுக்கு சார் மறைக்கிறீங்க? இதான் சார் நம்ம பிரச்சாரமே." சுவரொட்டி அச்சுக்குப் போய்விட்டது. 'மண்டபக் கதவைத் திறந்தவர், மனக் கதவைத் திறந்தவர்.' யோசித்துப் பார்க்கையில் எனக்கும் அது சரியென்றே படுகிறது. திறந்தது நான்தானே.

செப்டம்பர் 12

கல்யாணம் நடந்தது. உள்ளபடி சொன்னால், செண்பகம் மகால் இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. வாசலில் வாழை, நல்ல நாதஸ்வரம். பெண் திருச்சியில் பெரிய மருத்துவமனையில் வேலை பார்க்கிறதாம். மாப்பிள்ளை பெரம்பலூர், பொறியாளர். ஏ.சி.யும் ஓடியது.

செண்பகம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விடியும்போதே போய்விட்டாள். நான் போனபோது அவள் முதல் பந்தியில் உட்கார்ந்து, பெண்ணின் அத்தையோடு பேசியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல அப்பளத்தை நொறுக்கினாள்.

மேடையில் மணமக்களோடு படம். பிறகு ரித்விக் என்னைப் பந்தியில் உட்காரவைத்தார். இலை போட்டார்கள். சாதம், சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் வைத்தார்கள். ரித்விக் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தார். கையைச் சாதத்தில் வைத்த மாதிரி ஒரு படம். அந்த நேரம் ஓர் அவசர அழைப்பு வந்துவிட்டதால் எழுந்துகொண்டேன். எங்கிருந்து வந்தது என்பது இப்போது முக்கியமல்ல.

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தவமணி டீச்சர் நின்றார். வைத்தது வைத்தபடி இருந்த என் இலையைப் பார்த்தார்.

"ஒரு அவசரம் டீச்சர்."

"தெரியுது சார். கெளம்புங்க." பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அந்த இலைய எடுத்துட்டு அடுத்தவங்களுக்கு எடம் விடுங்க" என்றார்.

பெருந்தன்மையான பெண்மணி.

செப்டம்பர் 17

பிரச்சாரம் ஓய்ந்தது. கை ஏறக்குறைய ஆறிவிட்டது. இரண்டு வாரமாகப் பாட்டிலைத் தொடவில்லை, டாக்டர் தடுத்துவிட்டார்.

செப்டம்பர் 19

வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. எனக்கு நானே ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, இவ்வளவு நல்ல வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்று தோன்றியது.

செப்டம்பர் 24

தோற்றுவிட்டேன்.

செப்டம்பர் 25

வெறும் தோல்வி என்றால் தாங்கியிருப்பேன். எங்கள் முகவர் வாக்குச்சாவடி வாரியாகக் குறித்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருச் சாவடியில் எதிராளிதான் முன்னிலை. அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டார். சரி, காலனிச் சாவடி? அங்கேயும் எதிராளிதான் முன்னிலை.

முகவரிடம் திரும்பப் பார்க்கச் சொன்னேன். திரும்பப் பார்த்தார்.

ரித்விக் சென்னை போய்விட்டார். போகும்போது கை கொடுக்கவில்லை. காதில் போனை வைத்துக்கொண்டே காரில் ஏறினார்.

செப்டம்பர் 27

மனம் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போய் தவமணி டீச்சரைப் பார்த்தேன். சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி நின்று பேசினோம்.

"உங்களுக்காக எங்க ஆளுங்களையே பகைச்சுக்கிட்டேன் டீச்சர். மண்டபம் குடுத்தேன். உங்க சாவடியில எனக்கு ஓட்டு விழலியே."

"வாடகை வாங்கிட்டுத்தான சார் குடுத்தீங்க?"

"இருந்தாலும் ஒரு நன்றி..."

"நன்றி உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிட்டேன். அவங்க தேர்தல்ல நிக்கலியே."

"அன்னிக்கு யாருமே கை குடுக்காதப்ப நீங்கதான் வந்து..."

"ஆமா சார். கை குடுத்தது நான். நீங்க வாங்கிக்கிட்டீங்க. அதுக்கு முந்தி ஒரு நாள் நீங்க குடுத்ததையும் எங்க தெருவே பாத்துச்சு, நீங்க வண்டியில ஏறினப்பறமும் பாத்துச்சு." மிகச் சாதாரணமாக, நேரம் சொல்வது போலச் சொன்னார். "ஜெயிச்சவருக்கும் நாங்க ஆசையா போடல சார். அவரு தொடவே இல்ல. அதனால கழுவவும் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஒரு மாணவி வந்து அவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனாள். "வரேன் சார், ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

அரசியலில் நன்றி எதிர்பார்க்கக் கூடாது என்பதை நூலில் ஒரு தனி அத்தியாயமாக எழுத வேண்டும். இன்று எழுத வரவில்லை.

அக்டோபர் 6

எங்கள் ஆட்கள் ஐப்பசி முகூர்த்தங்களுக்கு மண்டபத்தைப் பதிவு செய்திருந்தார்கள். எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள். ராசாங்கம் அண்ணன் பேத்தி கல்யாணமும் அரியலூருக்குப் போய்விட்டது. மண்டபத்தை மூடிவிடலாம் என்று செண்பகத்திடம் சொன்னேன்.

"எதுக்கு? அந்தத் தேதியெல்லாம் நிறைஞ்சுடுச்சே" என்றாள். சுற்று வட்டாரக் காலனிகளிலிருந்து வந்து போட்டுவிட்டார்களாம். இப்போது அவள்தான் நிர்வாகம். என்னிடம் கேட்பது சாமான் அறைச் சாவி எங்கே என்பது மட்டும்.

அக்டோபர் 20

கட்சித் தலைவர் திருச்சி போகும் வழியில் நம் ஊர் விலக்கில் வண்டியை நிறுத்துகிறார் என்று தகவல் வந்தது. சால்வையோடு காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். முன்னே பின்னே எல்லோரும் சால்வையோடு நின்றார்கள். வெயில்.

தலைவர் இறங்கினார். கை கொடுத்துக்கொண்டே வந்தார். இவருக்கும் ரித்விக் மாதிரி யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் முறை வந்தது. வலது கையால் பிடித்தார், இடது கையால் முழங்கையைத் தொட்டார். கண்ணைப் பார்க்க வேண்டியவர் என் காதுக்குப் பக்கத்தில், அடுத்து நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு?" என்றார்.

இந்தத் தொகுதிக்கே என்னை வேட்பாளராக நிறுத்தி, என்னோடு ஒரே மேடையில் ஏறி, என் கையை மேலே தூக்கிப் பிடித்தவர்.

"இந்த ஊருதாங்கய்யா."

"நல்லா வேலை செய்யுங்க" என்றார். அதற்குள் கை அடுத்தவருக்குப் போய்விட்டது. அந்தக் கை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

"தலைவர் என்ன சொன்னாரு?" என்றாள் செண்பகம்.

"ஊரக் கேட்டாரு."

"பேரு?"

"கேக்கல."

அவள் சிரிக்கவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அக்டோபர் 27

செண்பகம் காலையில் மண்டபத்திலிருந்து போன் செய்தாள். நாளைக்குக் கல்யாணம், வாழையிலை வண்டி வந்து நிற்கிறது, இறக்க ஆள் போதவில்லை, சாமிக்கண்ணுவை அனுப்புங்கள் என்றாள். சாமிக்கண்ணு மாமியார் ஊருக்குப் போயிருக்கிறான். நானே போனேன்.

இலைக்கட்டு எவ்வளவு கனம் என்று இதுவரை எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் மண்டபம் நடத்தியும் தூக்கிப் பார்த்ததில்லை. ஈரம் வேறு, வழுக்குகிறது. வண்டியிலிருந்து ஓர் இலைக்கட்டை இழுத்துக்கொண்டு திணறும்போது, பெண் வீட்டுக்காரர் ஒருவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். இரண்டு பேருமாகச் சமையல்கட்டு வரை தூக்கிப்போனோம். மறுபடி வந்தோம், மறுபடி தூக்கினோம்.

நடுவில் அவர் பெயரைக் கேட்டேன். அஞ்சாபுலி என்றார். பெண்ணுக்குத் தாய்மாமனாம்.

"என் கைய நீங்க குலுக்கியிருக்கீங்க. முதல் தடவ எங்க தெருவுக்கு வந்தப்ப" என்றார்.

எனக்கு நினைவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

கடைசிக் கட்டுக்கு வந்தபோது அவர் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"தப்பா நெனைக்கக் கூடாது. உங்களுக்கு நான் ஓட்டுப் போடலீங்க."

"தெரியும்" என்றேன். "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."